நால்வர், 14 நாட்கள், தலைக்கு 900 யூரோ: தென் ஐரோப்பாவை ரயிலில் சுற்ற பாஸ் எடுப்பதா, தனித்தனியாகச் சீட்டு வாங்குவதா?

காவிரிக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் நால்வர், வரும் செப்டம்பர் மாதம் 14 நாட்கள் தென் ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். மூவர் இப்போது ஸ்டுட்கார்ட்டில் முதுநிலைப் படிப்பில் இருக்கிறோம். நான்காமவன் திருச்சியில் வேலை பார்க்கிறான், சுற்றுலா விசாவில் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வான். எங்களில் மூவருக்கு வயது 25, 26. கல்லூரியில் எங்களுக்கு சீனியராக இருந்த ஒருவருக்கு மட்டும் 28.

தலைக்கு 900 யூரோவுக்கு மேல் செலவழிக்க எங்களால் இயலாது. திருச்சி நண்பனின் விமானச் செலவும் விசாச் செலவும் இதில் சேராது. மியூனிக்கில் தொடங்கி வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், பிறகு நீஸ், பார்சிலோனா, மாட்ரிட், கடைசியாக லிஸ்பன் என்று ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறோம். இதற்குப் பல நாடுகளின் ரயில்களிலும் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் எடுப்பது இலாபமா, அல்லது ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது இலாபமா என்பதுதான் என் முதன்மையான கேள்வி. இருவர் சைவம். ஒருவன் காலை பத்து மணிக்கு முன் எழுந்திருக்கவே மாட்டான் என்பதையும் கணக்கில் கொண்டு பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெதுரயில்:

உங்கள் வரைபடத்தைப் பார்த்ததும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட வரைபடம் நினைவுக்கு வந்தது. அப்போது நாங்கள் ஐவர். பாதி ஊர்களில் ரயில் நிலையத்தையும் அதற்கு எதிரே இருந்த கபாப் கடையையும் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆகவே, முதலில் கணக்கைப் போட்டுவிட்டுப் பிறகு ஊர்களைப் பற்றிப் பேசுவோம்.

பல பேர் சேர்ந்து படுக்கும் அறையில் ஓர் இரவுக்குச் சராசரியாக 32 யூரோ என்று வைத்துக்கொண்டால் 13 இரவுகளுக்கு 416 யூரோ ஆகும். சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 15 யூரோ என்று சிக்கனமாகப் போட்டாலும் 210 ஆகிவிடும். மிஞ்சுவது 274 யூரோ. அதில்தான் ரயில், நகரப் பேருந்து, நுழைவுக் கட்டணம், வழியில் குடிக்கும் காப்பி எல்லாமே அடங்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஏழு நாட்கள் பயணம் செய்யும் இன்டர்ரெயில் பாஸ், நான் கடைசியாகப் பார்த்தபோது, 27 வயது வரையிலானவர்களுக்கே 286 யூரோவாக இருந்தது. உங்கள் சீனியர் 28-ஐத் தொட்டுவிட்டதால் அவருக்கு இளையோர் சலுகை கிடையாது, முழு விலைதான். பாஸ் வாங்கிய அன்றே உங்கள் பணப்பை காலியாகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

பாஸோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பாஸைக் காட்டிவிட்டுப் பெரும்பாலான ரயில்களில் ஏறி உட்கார்ந்துவிடலாம். ஆனால் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளிலும் அதிவேக ரயிலில் ஏற வேண்டுமானால் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டியாக வேண்டும். இத்தாலியில் அது 13 யூரோ, ஸ்பெயினில் ஏறத்தாழ 10. பிரெஞ்சு டிஜிவி ரயில்களிலோ பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் சொற்பம், கோடைக்காலத்தில் அவை சீக்கிரமே தீர்ந்துவிடும். இன்னொரு சிக்கல், இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. உங்கள் மூவரிடமும் ஜெர்மன் வதிவிட அனுமதி இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் நீங்கள் அதை வாங்கலாம். திருச்சியிலிருந்து வருபவர் யூரெயில் என்ற மற்றொரு பாஸைத்தான் வாங்க வேண்டும். மேலும், வசிக்கும் நாட்டுக்குள் இன்டர்ரெயில் பாஸ் வெளியே போக ஒரு முறையும் திரும்பி வர ஒரு முறையும் மட்டுமே செல்லும். ஒரே குழுவில் வெவ்வேறு விலையும் இரண்டு விதமான விதியும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம் என்பதே என் கருத்து.

இப்போது ஊர்களுக்கு வருகிறேன். லிஸ்பனை இந்த முறை விட்டுவிடுங்கள். மாட்ரிடிலிருந்து லிஸ்பனுக்கு ஓடிக்கொண்டிருந்த இரவு ரயில் 2020 மார்ச் மாதம் கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட பிறகு மீண்டும் விடப்படவில்லை. இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே நேரடி ரயிலே இல்லாததால், இடையில் படகோஸ், என்ட்ரொன்கமென்டோ போன்ற இடங்களில் மாறி மாறிப் போக ஒரு பகல் முழுவதும் செலவாகும். லிஸ்பனோடு ஸ்பெயினையும் பிரான்ஸையும் விட்டுவிட்டு இத்தாலி ஒன்றையே மேலிருந்து கீழ்வரை இறங்கினால், 14 நாட்களும் 900 யூரோவும் பொருத்தமாக அமையும்.

அதற்குக் காரணம் அங்குள்ள ரெஜியொனாலே என்னும் வட்டார ரயில்கள்தான். நம்மூர் பாசஞ்சர் ரயிலுக்கு நிகரான இவற்றில் கட்டணம் தூரத்துக்கு ஏற்றது. ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் விலை மாறாது, இருக்கை முன்பதிவும் கிடையாது. பத்து மணிக்கு எழும் நண்பருக்காகவே அமைந்த ஏற்பாடு என்று சொல்லலாம். வெனிஸிலிருந்து பொலோனியா, ஃபுளோரன்ஸிலிருந்து பீசா, ரோமிலிருந்து நேப்பிள்ஸ் எல்லாம் இந்த ரயில்களில் ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 முதல் 15 யூரோவுக்குள் முடியும். ஃபுளோரன்ஸ்–ரோம் மட்டும் விதிவிலக்கு. அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற அந்தத் தூரத்துக்கு வட்டார ரயில் நான்கு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்கு மட்டும் இப்போதே சலுகைச் சீட்டு வாங்கி வையுங்கள். அன்று காலை அந்த நண்பரை எழுப்புவது உங்கள் பொறுப்பு.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கு நேரடி ரயில் ஐந்தரை மணி நேரத்தில் போகிறது; முன்கூட்டியே வாங்கினால் மலிவான சீட்டு கிடைக்கும். கிடைக்காவிட்டால், ஐவர் வரை சேர்ந்து பயணம் செய்ய உதவும் பயர்ன் டிக்கெட்டில் ஆஸ்திரிய எல்லைக்குள் இருக்கும் கூஃப்ஸ்டைன் வரை போய், அங்கிருந்து உள்ளூர் ரயில்களில் இன்ஸ்ப்ருக், பிரென்னர், பொல்சானோ என்று மாறிக்கொண்டே இறங்கலாம். வார நாட்களில் அந்தச் சீட்டு காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஒரு நாள் முழுக்க ஆகும் என்றாலும் பிரென்னரைத் தாண்டியதும் மலைச்சரிவில் ஆப்பிள் தோட்டங்களையும் திராட்சைப் பந்தல்களையும் பார்த்துக்கொண்டே இறங்குவதை நான் நேர விரயமாக நினைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. காகிதத்தில் வாங்கிய வட்டார ரயில் சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடை அருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். நான் முதல் முறை போனபோது, சீட்டு கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பரிசோதகர் வந்து ஐந்து சீட்டுகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அபராதப் புத்தகத்தை எடுத்தார். என் இத்தாலிய மொழியும் அவருடைய ஆங்கிலமும் ஒரே தரத்தில் இருந்ததால் வாதாட வழியில்லாமல் எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். கைபேசியில் வாங்கும் சீட்டுக்கும் ஏறுமுன் ஏதேனும் பதிவு செய்ய வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் மறக்க வேண்டாம்.

நெடுவழி:

மெதுரயில் சொன்ன கணக்கில் குறை காண முடியாது. ஆனால் ஸ்பெயினை அவர் இவ்வளவு எளிதாகக் கழித்துக்கட்டியதை ஏற்க மனம் வரவில்லை. 2021 மே மாதத்தில் ஊய்கோ, 2022 நவம்பரில் இர்யோ என்ற போட்டி ரயில் நிறுவனங்கள் அதிவேகத் தடங்களில் நுழைந்ததிலிருந்து, ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே தன் பங்குக்கு அவ்லோ என்ற மலிவு ரயிலை விட்டதிலிருந்து, மாட்ரிட்–பார்சிலோனா பாதையில் விலை கணிசமாகக் குறைந்திருக்கிறது. 621 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடக்கும் அந்தப் பயணத்துக்கு முன்கூட்டியே வாங்கினால் 20 யூரோ அளவிலேயே சீட்டு அகப்படும். பாஸ் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணமே தவிர, ஸ்பெயின் வேண்டாம் என்பதற்கு அல்ல. விமான நிலையத்தைப் போலப் பைகளை ஊடுகதிர்க் கருவியில் விட்டுத்தான் நடைமேடைக்குள் அனுப்புவார்கள் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

பிரான்ஸிலிருந்து ஸ்பெயினுக்கு அதிவேக ரயிலுக்குப் பணம் கட்டக் கை நடுங்குபவர்களுக்குப் பழைய கடலோரப் பாதை ஒன்று இருக்கிறது. பெர்ப்பிஞானிலிருந்து உள்ளூர் ரயிலில் செர்பேர், போர்ட்போ ஆகிய எல்லை நிலையங்களுக்குப் போய், அங்கே நடைமேடை மாறி, வேறொரு ரயிலில் பார்சிலோனாவுக்கு இறங்குவது. மாற வேண்டியிருப்பதற்குக் காரணம் தண்டவாளத்தின் அகலம்: பிரான்ஸில் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1,668. நம் நாட்டு அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால், எல்லையைத் தாண்டியதும் இருப்பது ஏறக்குறைய விழுப்புரம் சந்திப்பின் தண்டவாளம்தான் என்று எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு. வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர். போர்ட்போவில் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால் கல்லறைத் தோட்டம்வரை நடந்து போய்வரலாம். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1940 செப்டம்பரில் இந்த ஊரில்தான் இறந்தார்; அவருக்கான நினைவுச்சின்னம் கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டாக அங்கே இருக்கிறது.

மற்றொன்று, உங்கள் திருச்சி நண்பர் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறாரோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். நண்பர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள் என்பதற்காக ஜெர்மனியிடம் விண்ணப்பித்துவிட்டு, பயணத்திட்டத்தில் பத்து நாட்கள் இத்தாலி என்று காட்டினால் நிராகரிக்கக் காரணம் கொடுத்தது போலாகும். அவர் விண்ணப்பிக்கும் முன் ஊர்களை முடிவு செய்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, நிராகரித்தால் திரும்ப வராது.

மெதுரயில்:

விசாவைப் பற்றி எழுத மறந்திருந்தேன், நன்றி. ஸ்பெயினை நான் வெறுக்கவில்லை. நேப்பிள்ஸிலிருந்து பார்சிலோனாவுக்குத் தரைவழியாக நகர்வதற்கே உங்கள் 14 நாட்களில் இரண்டு போய்விடும் என்பதால்தான் ஒதுக்கினேன். அடுத்த ஆண்டு ஸ்பெயினுக்கு மட்டும் தனியாகப் போங்கள்.

பலெர்மோவாசி:

தம்பிமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடங்களுக்கு மேலாகச் சிசிலியின் பலெர்மோவில் குடியிருப்பவன் நான். இத்தாலியைக் கீழ்வரை இறங்குங்கள் என்று எழுதிய அன்பர் நேப்பிள்ஸோடு நிறுத்திக்கொண்டது எனக்குச் சற்று மனக்குறைதான். நேப்பிள்ஸிலிருந்து பலெர்மோவுக்குப் பகலில் ஓடும் இன்டர்சிட்டி புகையிரதம் ஒன்பது மணித்தியாலங்களுக்கு மேல் எடுக்கும்; ஆனால் ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு காட்சி அதில் உண்டு.

வில்லா சான் ஜொவான்னி என்ற துறைமுகத்தை அடைந்ததும் நீங்கள் இறங்க வேண்டியதில்லை. புகையிரதமே கப்பலில் ஏறும். பெட்டிகளை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய், கப்பலின் வயிற்றுக்குள் பதித்திருக்கும் தண்டவாளங்களில் நிறுத்திச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். யன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் முன்பு வரை கடல் தெரிந்த இடத்தில் வெள்ளைப் பூச்சடித்த இரும்புச் சுவர் வந்து நிற்கும். பிறகு பெட்டியிலிருந்து இறங்கி, ஒடுங்கிய படிக்கட்டில் ஏறி மேல்தளத்துக்குப் போனால் மெசினா நீரிணை முழுவதும் தெரியும். கரையை அடையச் சுமார் அரை மணி நேரம் ஆகும், ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வரை போகும். மேலே உள்ள சிற்றுண்டிச் சாலையில் அரஞ்சீனோ என்ற பொரித்த சோற்று உருண்டை விற்பார்கள். இறைச்சி வைத்ததுதான் கூடுதலாக இருக்கும் என்பதால் சைவக்காரர் கேட்டு வாங்க வேண்டும்.

போட் மெயில் ஓடிய காலத்தில் என் அப்பப்பா தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிச் சிதம்பரத்துக்குப் போய்வந்த கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அங்கே ஆட்கள் புகையிரதத்தை விட்டிறங்கிக் கப்பலுக்கு மாறினார்கள். இங்கே புகையிரதமும் கூட வருகிறது. 1964-இன் புயலுக்குப் பிறகு அந்தத் தண்டவாளம் இல்லாமற் போனதால், மெசினாவில் பெட்டி கப்பலுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஞாபகம் வருவதுண்டு.

செப்டம்பரில் வருகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 4 இந்நகரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் திருநாள். முதல் நாள் இரவே மக்கள் மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள குகைக் கோயிலுக்குக் கால்நடையாக ஏறுவார்கள். எங்கள் தமிழ்ச் சனம், கத்தோலிக்கர் மட்டுமல்ல சைவர்களும், அந்த மலைக்கு நேர்த்தி வைத்து ஏறுவது பல வருட வழக்கம். 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தப் புனிதையே நகரைக் காத்தார் என்பது இவ்வூரவரின் நம்பிக்கை. பயணத்தின் தொடக்கத்திலேயே இங்கே வர முடிந்தால் அந்த இரவைப் பார்க்கலாம். முடியாவிட்டாலும் மலையும் குகையும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். கடலைமாவைக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தரும் பனெல்லே இங்கே தெருத்தெருவாக விற்கிறது. முழுச் சைவம், மூன்று நான்கு யூரோவுக்குள் வயிறு நிறையும். பல்லாரோ சந்தையில் மரக்கறியும் பழமும் மலிவு.

காவிரிக்கரையான்:

ஐயா, நீங்கள் எழுதியதை நால்வரும் கைபேசி அழைப்பில் கூடி வாசித்தோம். கப்பலில் ரயில் ஏறும் பத்தியை முடிப்பதற்குள் லிஸ்பனுக்காக வாதாடிக்கொண்டிருந்தவனே சிசிலிக்கு மாறிவிட்டான். பாஸ் எடுப்பதில்லை, ஸ்பெயின் இல்லை, இத்தாலி மட்டும் என்று முடிவாகிவிட்டது. திருச்சி நண்பன் இத்தாலிய விசாவுக்கே விண்ணப்பிக்கப் போகிறான். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பலெர்மோவிலிருந்து திரும்பும்போது இரவு ரயிலில் வருவது தாங்கக்கூடியதா? அடுத்து, இத்தாலியில் அடிக்கடி ரயில் வேலைநிறுத்தம் நடக்கும் என்கிறார்களே, அப்படி நடுவழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மெதுரயில்:

இரவு ரயில் தாங்கக்கூடியது மட்டுமல்ல, உங்களுக்கென்றே அளவெடுத்தது. இன்டர்சிட்டி நோத்தே ரயில்களில் நான்கு படுக்கைகள் கொண்ட அறைகள் உண்டு. நான்கையும் நீங்களே வாங்கிவிட்டால் அறை முழுவதும் உங்களுடையது, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உறங்கலாம். ஓர் இரவு வாடகையும் மிச்சமாகிறது. பலெர்மோவிலிருந்து மிலான் வரை ஏறத்தாழ ஒரு நாளே ஆகிவிடும் என்பதால், புளிக்காய்ச்சலும் சோறும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கினால் முந்தின நாளே வடித்துவிடலாம். நான் இட்லிப் பொடி ஒரு டப்பாவும் புளிக்காய்ச்சல் ஒரு டப்பாவும் இல்லாமல் ஆல்ப்ஸைத் தாண்டுவதில்லை.

வேலைநிறுத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். இத்தாலியச் சட்டப்படி குறைந்தது பத்து நாட்களுக்கு முன் அறிவித்தாக வேண்டும். வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ஷோபெரோ (sciopero) என்ற இத்தாலியச் சொல்லைத் தேதியோடு தேடினால் தெரிந்துவிடும். வேலைநிறுத்த நாளிலும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்களை ஓட்டியே தீர வேண்டும். பத்து மணிக்கு எழும் நண்பர் அன்று மாலை ரயிலுக்குத்தான் தகுதி பெறுவார்.

வெனிஸில் தங்கும்போது தீவுக்குள் அறை தேடாமல் மெஸ்த்ரேயில் தேடுங்கள், ரயிலில் பத்தே நிமிடம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொம்பேய், கொலோசியம் உள்ளிட்ட அரசு நினைவிடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டம் நெரியும், ஆனால் நால்வருக்கும் சேர்த்துப் பார்த்தால் நல்ல தொகை. கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் அசலாகவே வைத்திருங்கள். விடுதிகளில் ஒவ்வொருவரிடமும் கேட்பார்கள், நகர வரியையும் அறை வாடகைக்கு மேல் தனியாக வாங்குவார்கள்.

நெடுவழி:

பணத்தைப் பற்றி ஒரு சொல். கிளம்பும் முன்பே தலைக்கு 200 யூரோ பொதுப்பணமாகப் போட்டு, அதை ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள். சீட்டு, தண்ணீர், நகரப் பேருந்து எல்லாம் அதிலிருந்து போகட்டும். ஒவ்வொரு காப்பிக்கும் கணக்குப் பிரித்த ஒரு குழுவில் நானும் இருந்தேன். ஜெனோவாவில் ஏற்பட்ட மூன்று யூரோ தகராறு தீர ஓராண்டு ஆனது.

பலெர்மோவாசி:

தம்பி, சீட்டு வாங்குமுன் பாதை வேலைகள் ஏதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில காலங்களில் பாதையை மூடிவிட்டுப் பேருந்தில் ஏற்றுவார்கள், அப்படியானால் கப்பலில் பெட்டி ஏறும் காட்சி இருக்காது. நேப்பிள்ஸிலிருந்து இறங்கும்போது போகும் திசைக்கு வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.